இரண்டாயிரத்து ஐந்நூற்றொரு கிராம்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது இளமதியிடம் ஒரு லேப்டாப்பும், இரண்டு பக்கக் கடிதமும், பொல்லாத கோபமும் இருந்தன. கடிதம் அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்துப் பார்த்த மதிப்பீட்டாளர் எழுதியது. அவர் ஆணா பெண்ணா, எந்த நாடு என்பதெல்லாம் இவளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது அந்தத் தொழிலின் வழக்கம். முகம் தெரியாத ஆளை எவ்வளவு நேரம்தான் திட்டுவது? காஞ்சிபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அதைத்தான் செய்துகொண்டு வந்தாள்.

இளமதி சென்னையில் பொருளாதாரப் பேராசிரியை. எது எதனால் நடந்தது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. கேட்க சுலபமாகத்தான் இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் முட்டை போட்டார்கள், பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டையால் படித்தார்களா, அல்லது சண்டை போட்டு முட்டை வாங்கி வரும் அளவுக்கு அக்கறையான வாத்தியார் அங்கே இருந்ததால் படித்தார்களா? இதைப் பிரித்துச் சொல்வதற்குள் நாக்கு தள்ளிவிடும்.

மாகறலில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிற பச்சமுத்துவின் மகளான இளமதி இதற்கென்று ஒரு வழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது தற்செயல் இல்லை. அவள் பிளஸ் டூ முடித்த வருடம் சென்னைக் கல்லூரி ஒன்றின் கட்-ஆஃப் அவள் மார்க்கில் வந்து சரியாக நின்றது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே நோட்டைப் பார்த்துப் படித்த பிரபாவுக்குக் கால் மார்க் குறைவு. கால் மார்க்கில் யாரும் அறிவாளி ஆகிவிடுவதில்லை, மக்கும் ஆகிவிடுவதில்லை. ஆனாலும் இளமதி பேராசிரியை ஆனாள், பிரபா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருக்கிறாள். அந்த வித்தியாசம் மூளையால் வந்ததில்லை, கோட்டால் வந்தது. கோட்டை ஒட்டி இந்தப் பக்கம் நிற்கிறவர்களையும் அந்தப் பக்கம் நிற்கிறவர்களையும் மட்டும் எடுத்து ஒப்பிட்டால், கோடு என்ன செய்தது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். புத்தகத்தில் இந்த முறைக்கு வாயில் நுழையாத பெயர் இருக்கிறது. வகுப்பில் இளமதி பிரபாவின் கதையைத்தான் சொல்வாள்.

இப்போதைய கட்டுரை ஒரு பெட்டியைப் பற்றியது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால், சில ஒன்றியங்களில் மட்டும் ஆறு வருடம் ஒரு திட்டம் ஓடியது. பிறந்த குழந்தையின் எடை 2500 கிராமோ அதற்குக் கீழோ இருந்தால், ஆறு மாதத்துக்கு மாதம் ஒரு சத்துப் பெட்டி வீடு தேடி வரும். மாவு, பேரீச்சம்பழம், தாய்க்கு டானிக். 2510 கிராம் என்றால் ஒன்றும் கிடையாது. பத்து கிராமில் இரண்டு குழந்தைகளுக்கு என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? இளமதி அந்தக் குழந்தைகள் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகு தேடிப் பிடித்து, ஒரு நிமிடம் கதை வாசிக்கச் சொல்லி எண்ணினாள். பெட்டி வாங்கியவர்கள் நிமிடத்துக்கு அறுபத்திரண்டு வார்த்தை வாசித்தார்கள். வாங்காதவர்கள் ஐம்பத்தொன்று. நான்கு வருட உழைப்பு, பதினோராயிரம் குழந்தைகள். அந்த எண்களை வைத்து வரைந்த படத்தில் கோட்டருகே புள்ளிகள் சட்டென்று கீழே இறங்குகிற இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

இந்த முறைக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. யாரும் யாரையும் கோட்டைத் தாண்டித் தள்ளிவிட்டிருக்கக் கூடாது. தள்ளியிருந்தால் எல்லாம் பாழ்.

மதிப்பீட்டாளர் அங்கேதான் கை வைத்தார். உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு வருடத்தில் ஒரு குழந்தைகூட 2500 கிராமில் பிறக்கவில்லை. ஆனால் இருபது குழந்தைகள் 2501 கிராம். அங்கே இருக்கிற தராசு பத்துப் பத்து கிராமாக ஏறுவது. அது 2501 என்று காட்டவே காட்டாது. ஆக, யாரோ கையால் மாற்றி எழுதி, தகுதியுள்ள குழந்தைகளைப் பட்டியலிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறார்கள். நிலையத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கி அனுப்பிய பெட்டிகளில் அவர்கள் பங்கு எங்கே போனது? இந்த நிலையத்தை ஆய்விலிருந்து நீக்கிவிட்டு, சம்பந்தப்பட்ட துறைக்கும் தெரிவிப்பதுதான் முறை என்று முடித்திருந்தார்.

கூட எழுதிய மூத்த பேராசிரியர் வேதாசலம் சார் அலட்டிக்கொள்ளவில்லை. "இருபது பேர்தானேம்மா, தூக்கிடலாம். துறைக்கு ஒரு லெட்டர் போட்டுடுவோம். முடிஞ்சது" என்றார்.

முடிகிற விஷயமாக இளமதிக்குத் தோன்றவில்லை. அந்த இருபது பதிவுகளிலும் ஒரே நர்சின் பெயர் இருந்தது. ஆண்டாளம்மாள். முப்பத்தொரு வருட சர்வீஸ், மே மாதம் ஓய்வு. லெட்டர் போனால் விசாரணை வரும், ஓய்வு ஊதியம் நிற்கும், ஊர் முழுக்கப் பெயர் நாறும். ஒருவேளை அவர் தப்பு செய்யவில்லை என்றால்? சரி, செய்திருந்தால்? அந்தப் பெட்டிகள் தன் அம்மா முனியம்மாளைப் போலக் கழனியில் குனிந்து நிமிர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு வந்தவை. அதைத் தின்றவரைத் தன் கையாலேயே மாட்டிவிட வேண்டும் என்றும் இருந்தது. "ஒரு நாள் டைம் கொடுங்க சார், நேர்ல பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ. கட்டடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் பழைய மொபெட் ஒன்று நின்றது. உள்ளே, கழுத்துக் கயிற்றில் மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்த குள்ளமான அம்மாள் இவளை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார்.

"எத்தினி மாசம்?"

"நான் மாசமா இல்லீங்க. சென்னையிலிருந்து வரேன். ஆராய்ச்சி விஷயமா."

"அப்ப அந்த ஸ்டூல்ல உக்காரு. நாற்காலி மாசமா கீறவங்களுக்கு."

ஸ்டூலில் உட்கார்ந்த இளமதி பெயர் சொல்லி, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி எண்ணுகிற வேலையைச் சொல்லி, பழைய பிரசவப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதித் தாளை நீட்டினாள். கடிதத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆண்டாளம்மாள் தாளைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. பதிவேடு என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. பீரோவைத் திறந்து, அட்டைபோட்ட ஆறு தடிமனான நோட்டுகளை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"பாத்துக்கோ. ஒரு அடித்தல் கீதா, ஒரு திருத்தல் கீதா பாரு. கலெக்டரு வந்தப்பகூட இத்தத்தான் எட்த்து காட்னாங்க. நான் எய்துனா எய்துனதுதான்."

உண்மைதான். கையெழுத்து குண்டு குண்டாக, கோடு தாண்டாமல் இருந்தது. தாய் பெயர், நேரம், குழந்தையின் எடை. இளமதி விரலை ஓட்டிக்கொண்டே போய் ஒரு வரியில் நிறுத்தினாள். 2501. பேனா அழுத்தம்கூட மாறவில்லை. திருடுகிறவர்களுக்கு இவ்வளவு அழகாக எழுத வருமா என்ன?

"நர்சம்மா, உங்க தராசு எத்தனை எத்தனை கிராமா ஏறும்?"

"பத்துப் பத்தா."

"அப்ப இது?"

ஆண்டாளம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இது ரெண்டரை கிலோ."

"ரெண்டாயிரத்து ஐந்நூத்தி ஒண்ணுன்னு இருக்கே. அந்த ஒண்ணு எப்படி வந்துச்சு?"

"நான் போட்டது."

சாதாரணமாகச் சொன்னார். இலைக்கு உப்பு யார் வைத்தது என்று கேட்டால் சொல்கிற மாதிரி. இளமதி மறுகேள்வி கேட்க வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"இன்னாம்மா அப்டி பாக்கற? பொறந்த புள்ளைக்கி மொதமொதல்ல எய்துற எண்ணு அது. அத்த போயி ரெண்டு சைபரப் போட்டு மொட்டையா வுடறதா? நல்லாவா கீது? வளைகாப்புக்குத் தட்டு வெச்சா இருபதா வெப்பாங்க? இருபத்தொண்ணு வெப்பாங்க. நெல்லு அளந்து போட்டா மேல ஒரு பிடி போட மாட்டாங்க? அந்த மாரிதான். முழு நூறா வந்துச்சின்னா ஒண்ணு சேத்துடுவேன். வளரட்டுமேன்னு."

 இளமதி அவசர அவசரமாக லேப்டாப்பைத் திறந்தாள். இவ்வளவு நாளும் அவள் கோட்டைச் சுற்றி ஒரு சின்ன ஜன்னல் வைத்துத்தான் பார்த்திருந்தாள். 2410இலிருந்து 2590 வரை. அதற்கு வெளியே பார்க்கத் தேவையில்லை என்று பாடமே சொல்கிறது, அவளும் வருடாவருடம் அதைத்தான் கரும்பலகையில் எழுதுகிறாள். மதிப்பீட்டாளருக்குப் போனதும் அந்த ஜன்னல் படம்தான். இப்போது ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டாள். இந்த நிலையத்தின் எல்லா எடைகளும் திரையில் வரிசையாக வந்து நின்றன. 2301. 2401. 2601. 2801. 3001. எங்கெல்லாம் நூறு முடிகிறதோ அங்கெல்லாம் ஓர் ஒன்று. மூன்று கிலோ குழந்தைக்குப் பெட்டியே கிடையாது. பெட்டி திருடுகிறவர் அங்கே எதற்கு ஒரு கிராமைக் கூட்டி எழுதப் போகிறார்?

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன் கல்யாணத்தில் வரிசைத் தட்டு இருபது வந்துவிட்டதென்று கடைசி நிமிடத்தில் ஒரு தட்டில் வெறும் வெற்றிலையை அடுக்கி இருபத்தொன்று ஆக்கியவள் அவள்தான். புள்ளிவிவரத்தை வைத்தே டாக்டர் பட்டம் வாங்கிய மூளைக்கு இது எட்டவில்லையே! மாகறல்காரிக்கு எட்டியிருக்க வேண்டாமா?

"இன்னாத்துக்கு சிரிக்கிற?"

நிம்மதியில் இளமதி கொட்டிவிட்டாள். யாரோ ஒருத்தர் சந்தேகப்பட்டதையும், பெட்டிக்காக எடையை மாற்றி எழுதியிருப்பார்கள் என்று கடிதம் போட்டதையும், இப்போது அது பொய்யென்று நிரூபித்துவிடலாம் என்பதையும் சொன்னாள். ஆண்டாளம்மாளின் முகம் சிவந்துவிட்டது.

"நானா? நான் பெட்டிய எட்த்தனா? எவன் சொன்னான்? அவன இங்க வரச் சொல்லு! அந்தப் பெட்டிக்காக நான் ஆபீசுல போட்ட சண்ட ஊருக்கே தெரியும். ரெண்டரை கிலோன்னு இவனுங்கதான் ரூலு போட்டானுங்க. கரெக்டா ரெண்டரை கிலோ கீற புள்ளைங்க பேரு ஒண்ணுகூட லிஸ்டுல வராது. ஏன்டான்னு கேட்டா, கம்ப்யூட்டர்ல வரலம்மான்னுவான். ஆறு வருசம்! அந்தக் கம்ப்யூட்டர நான் திட்டாத திட்டு இல்ல."

இளமதியின் சிரிப்பு நின்றுபோனது.

இந்த அம்மாவுக்குத் தெரியாது. ஆறு வருடமாகத் தெரியாது, இப்போதும் தெரியவில்லை. மேலே ஒரு வார்த்தையும் பேசாமல் நோட்டுகளை மூடிவைத்து, டீ குடித்துவிட்டு, நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். கட்டுரை பிழைத்துவிட்டது. நர்சின் பெயரும் பிழைத்துவிட்டது. மே மாதம் மாலையும் சால்வையும் போட்டு அனுப்பிவைப்பார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் எது எதனால் நடந்தது என்று சொல்வது அவள் வேலை. அதோடு, எதிரே இருந்தவர் முப்பத்தொரு வருடமாகக் கர்ப்பிணிகளின் முகத்தைப் படித்தவர். இளமதியின் முகத்தைப் படிக்க அவருக்குக் கால் நிமிடம் போதுமானதாக இருந்தது.

"இன்னா கண்ணு, மூஞ்சி மாறிப்போச்சி? சொல்லு."

இளமதி இதுவரை படித்தவர்களின் தமிழில் பக்குவமாகப் பேசிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு விஷயத்தை அந்தத் தமிழில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அம்மாவிடம் பேசுகிற பேச்சு தானாக வந்தது.

"கம்ப்யூட்டருக்கு நீங்க எய்துன எண்ணுதாம்மா தெரியும். ரெண்டாயிரத்தி ஐந்நூறு வரிக்கும் பெட்டி குடுன்னு அதுக்கு சொல்லிகீறாங்க. நீங்க ஐந்நூத்தி ஒண்ணு எய்தனீங்க. அதான் லிஸ்டுல வரல."

"ஒரு கிராமு."

"ஆமா."

"ஒரு கிராமுக்கா பெட்டிய நிறுத்துவானுங்க? ஒரு கிராமுன்றது இன்னா, நாலு புளியாங்கொட்டைகூட இல்ல."

"கோடுன்னா அப்டித்தாம்மா."

"அப்ப நானா? நாந்தானா?"

இளமதி தலையாட்டினாள். ஆண்டாளம்மாள் மேசையைப் பிடித்துக்கொண்டு, கர்ப்பிணிகளுக்கென்று வைத்திருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார், புடவைத் தலைப்பில் துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை. வெளியே தடுப்பூசிக்கு வந்த குழந்தை ஒன்று வீரிட்டு அழுது ஓய்ந்தது. உலகத்தில் எல்லாரையும் விட்டுவிட்டு இவரிடம் வந்தா இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்று இளமதிக்குத் தன் படிப்பின் மேலேயே வெறுப்பு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஆண்டாளம்மாள் நிமிர்ந்தார். "அந்தப் புள்ளைங்க எப்டி படிக்குதுங்க?"

"எந்தப்..."

"இந்த இருபதுதான். நீதான் எல்லாத்தையும் படிக்கச் சொல்லி எண்ணிகினு வந்தன்னியே. உன் கம்ப்யூட்டர்ல கீதில்ல? பாத்து சொல்லு. மறைக்காத."

இருந்தது. ஆனால் அந்த இருபது பேரை மட்டும் தனியாக எடுத்து இளமதி ஒருநாளும் பார்த்ததில்லை. பதினோராயிரத்தில் இருபதை யார் பார்ப்பார்கள்? இப்போது விசைப்பலகையில் கை வைக்கப் பயமாக இருந்தது. என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். பெட்டி வாங்காதவர்கள் ஐம்பத்தொரு வார்த்தை. அவள் கட்டுரையே அதுதான். அந்த எண்ணை இவர் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு கட்டளையை அடித்தாள்.

அறுபத்து மூன்று.

எங்கேயோ தப்பு என்று நினைத்தாள். மறுபடி அடித்தாள். ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்த்தாள். இருபது பேர், இருபது பேருக்கும் பெட்டி இல்லை, சராசரி அறுபத்து மூன்று வார்த்தை. பெட்டி வாங்கிய பிள்ளைகளே அறுபத்திரண்டுதான்.

"நர்சம்மா, இந்தப் புள்ளைங்களுக்கு வேற எதனா குடுத்தாங்களா? வேற எதனா ஸ்கீமு?"

"ஒண்ணும் குடுக்கல. எவன் குடுத்தான்?" என்றவர் எழுந்து போய், பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற சாதா நோட்டு. மேலே "பெட்டி வராததுங்க" என்று எழுதியிருந்தது. "ஆபீசுல சண்ட போட்டு ஒண்ணும் ஆவல. சரி, நாமளே போலாம்னு வச்சிகினேன். செவ்வாக்கிழம செவ்வாக்கிழம டூட்டி முடிச்சிட்டு வண்டிய எட்த்துகினு போயிடுவேன். ஆறு மாசம் வரிக்கும் ஒவ்வொரு புள்ளைக்கும். தாயி துன்னாளா, பாலு ஊறுதா, புள்ள எடை ஏறிகீதான்னு பாப்பேன். போக முடியாத வாரத்துல போனு பண்ணுவேன். என்கிட்ட இன்னா கீது குடுக்க? மடில போட்டுகினு பேசிகினு இருப்பேன். மாமியாக்காரிய நாலு திட்டு திட்டுவேன். புள்ள பெத்தவள ஏன்டி கழனிக்கி அனுப்பறன்னு."

இளமதி நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பக்கம். வாராவாரம் எடை, போன் பண்ணிய வாரமென்றால் அந்த விவரம், பக்கத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள். *தலை நிக்குது. சிரிக்குது. அப்பன் ஊருக்கு வந்துட்டான். அம்மா சரியா சாப்பிடல, சொல்லியிருக்கு.* எங்கேயும் ஒரு வாரம் விடுபடவில்லை.

நான்கு வருடமாக அவள் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி தானாக நடந்து வருமா? மாதம் ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் வீட்டு வாசலுக்கு வந்தார், உட்கார்ந்தார், குழந்தையைப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார். அந்த ஆள் அவள் கணக்கில் எங்கேயும் இல்லை. முட்டையா வாத்தியாரா என்று ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவள், தன் கட்டுரையில் வாத்தியாரைப் பார்க்கத் தவறியிருந்தாள். வெட்கமாக இருந்தது.  இருபது பேரை வைத்து உறுதியாக ஒன்றும் சொல்லிவிட முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் எந்த ஊர்ப் பேராசிரியரும் திட்டம்போட்டு நடத்த முடியாத ஒரு சோதனையை இந்த அம்மாள் தெரியாமலே நடத்தி வைத்திருந்தார். அதே எடைப் பிள்ளைகள். பக்கத்து நிலையங்களில் பெட்டி வந்தது, இங்கே வரவில்லை. இங்கே ஆள் மட்டும் போனார்.

"இன்னாம்மா, பேசாம கீற? ரொம்ப மோசமா படிக்குதுங்களா?" ஆண்டாளம்மாளின் குரல் இறங்கியிருந்தது.

"நல்லா படிக்குதுங்கம்மா. பெட்டி வாங்குன புள்ளைங்க அறுவத்தி ரெண்டு வார்த்த படிக்குது. உங்க புள்ளைங்க அறுவத்தி மூணு."

"பெட்டி இல்லாமயேவா?"

"இல்லாமயேதான்."

"அதவிட ஒண்ணு ஜாஸ்தியா?"

"ஒண்ணு ஜாஸ்தி."

ஆண்டாளம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கன்னம் நனைந்திருந்ததைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நோட்டை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். செங்கேணி மகன், இப்போது கபடியில் மாவட்டம் வரை போயிருக்கிறான். திருப்புலிவனத்துப் பெண் ஒன்று, பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கி இங்கேயே வந்து காட்டிவிட்டுப் போனது. இன்னொன்று வாயைத் திறந்தால் மூடாது. இருபது பெயரையும் சொல்லி முடித்தபோது அவர் குரல் பழைய இடத்துக்கு வந்திருந்தது. "மாவு இன்னா பண்ணும்? மாவு புள்ளைய மடில போட்டுகினு பேசுமா?" என்று, ஆராய்ச்சியின் முடிவை அவரே அறிவித்துவிட்டார்.

"உங்க பேர கட்டுரையில போடலாமாம்மா? நடந்தது மொத்தமும் எழுதணும். அந்த ஒரு கிராமயும்தான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "போடு. தப்பயும் போடு, செஞ்சதயும் போடு. எத்தினி புள்ளைங்கன்னு போடுவ?"

"இருபது."

"மொட்டையாத்தான் கீது" என்று முனகினார். பிறகு கையை வீசினார். "பரவால்ல, இருபதுன்னே போடு. கீறத கீற மாரியே போடு."

அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். காலையில் வலி எடுத்து வந்திருந்த திலகா என்ற பெண்ணுக்கு நேரம் வந்துவிட்டது. ஆண்டாளம்மாள் போன வேகத்தைப் பார்த்தால் மே மாதம் ஓய்வு பெறப் போகிறவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இளமதி ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து அழுகுரல் கேட்டது. துணியில் சுற்றிய பெண் குழந்தையை எடுத்து வந்து, துணியை நீக்கித் தராசில் கிடத்தினார். சிவப்பு எண்கள் அங்குமிங்கும் ஓடி நின்றன. 2900.

நர்சு பேனாவை எடுத்தார். இரண்டு, ஒன்பது, ஒரு சைபர். அங்கே பேனா நின்றது. முப்பத்தொரு வருடப் பழக்கம் விரலில் வந்து உட்கார்ந்திருப்பது இளமதிக்கே தெரிந்தது. ஆண்டாளம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு சைபரைப் போட்டார். பிறகு இழுப்பறையிலிருந்து மைச்சிமிழை எடுத்து, சுண்டுவிரலில் தொட்டு, குழந்தையின் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தார்.

"அந்த ஒரு கிராம இங்க வெச்சிட்டேன்" என்றார். "எய்திக்கோ உன் கம்ப்யூட்டர்ல. எடை கரெக்டு."

நான்கு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இளமதி லேப்டாப்பை மடியில் வைத்து மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுதினாள். இந்த முறை கோபம் இல்லை. பழக்கத்தை விளக்கினாள், எல்லா நூறுகளிலும் அது இருப்பதைப் படம் போட்டுக் காட்டினாள், அந்த இருபது பேரின் எண்களைத் தனி அட்டவணையாக வைத்தாள். இருபது என்பது சின்ன எண் என்பதையும், தன் கட்டுரையின் முடிவைத் திருத்தி எழுத வேண்டியிருப்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். கடைசியில் இப்படி எழுதினாள்: "யாரோ குழந்தைகளைக் கோட்டைத் தாண்டி நகர்த்தியிருக்கிறாரா என்று கேட்டிருந்தீர்கள். ஆம், நகர்த்தியிருக்கிறார். அவர் பெயர் ஆண்டாளம்மாள். நகர்த்திய பிறகு, அந்தக் குழந்தைகளுடன் அந்தப் பக்கமே போய் நின்றுகொண்டார்."

கடைசி வாக்கியம் ஆய்வுக்குரிய நடையில் இல்லை, வெட்டிவிடு என்று வேதாசலம் சார் சொன்னார். வாழ்க்கையில் அவர் சொன்ன எதையும் தட்டாத இளமதி இதைத் தட்டினாள். ஏப்ரல் மாதம் கட்டுரை ஏற்கப்பட்டது. அந்த வாக்கியத்தைக் கட்டுரையிலும் சேர்க்கும்படி மதிப்பீட்டாளரே கேட்டிருந்தார். அன்றைக்கே இளமதி ஆண்டாளம்மாளுக்குப் போன் போட்டு, ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் வரி வரியாகச் சொன்னாள். 

"என் பேரு கரெக்டா போட்டுகீறாங்களா?" என்று கேட்டார் ஆண்டாளம்மாள். "ஒரு எழுத்து கூட்டல, கொறைக்கலியே?"

"இல்லம்மா. கீற மாரியே கீது."